உடல்தகுதிச் சான்று என்கிற வெற்றுக் காகிதம்: பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளின் இதயம் பற்றி ஒரு நீண்ட இழை

1/
பள்ளி விளையாட்டுப் போட்டி சீசன் வந்தா அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு புது வரிசை சேரும். யூனிஃபார்மோட பதினஞ்சு இருபது பிள்ளைங்க. கூட ஒரு பி.டி. சார். கையில ஒரு கத்தைக் காகிதம். குறுவட்டம், வருவாய் மாவட்டம், குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. "டாக்டர், ஒரு கையெழுத்து, ஒரு சீல் போதும். வேன் வெளியே நிக்குது."

2/
அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. "இம்மாணவரை நான் பரிசோதித்தேன். போட்டியில் பங்கேற்க உடல்தகுதி உடையவர்." பரிசோதித்தேன்! சட்டை பட்டனைக் கழற்றாம, ஸ்டெத்தைக் காதுல வைக்காம, பேரை மட்டும் பார்த்துக் கையெழுத்து விழுற காகிதத்துக்குத்தான் நாம உடல்தகுதிச் சான்றுன்னு பேர் வச்சிருக்கோம். இந்த இழை அந்தக் காகிதத்துக்கு எதிரானது.

3/
முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஒரு டாக்டர் சோம்பேறி, ஒரு பி.டி. சார் அவசரக்காரர்னு முடிக்கிற விஷயம் இல்ல இது. காலை ஓ.பி.யில் 200, 300 பேர் நிக்கிற இடத்துல, நடுவுல 20 பிள்ளைங்களை அனுப்பி "பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுங்க"ன்னு கேட்கிற ஏற்பாடுதான் தப்பு. அந்த ஏற்பாட்டுக்குக் காகிதம் வேணும். பிள்ளையோட இதயம் எப்படி இருக்குன்னு அது கேட்கவே இல்ல.

4/
நான் ஒவ்வொரு பிள்ளையையும் படுக்க வச்சு ஒரு தடவை, நிக்க வச்சு ஒரு தடவை நெஞ்சுல ஸ்டெத் வச்சுக் கேட்பேன். வந்த சார் முகம் மாறும். "எல்லாம் நல்லா ஓடுற பசங்கதான் டாக்டர்"னு சொல்வார். அண்ணாச்சி, நல்லா ஓடுற பசங்கதான் என் கவலையே. இதயத்துல பிறவியிலயே ஒரு கோளாறு இருந்து, வீட்டுல உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது பல வருஷம் வெளியே தெரியாமலே இருக்கலாம். முழு வேகத்துல ஓடுற பிள்ளைக்கு அது ஒரு நாள் மைதானத்துல தெரியும்.

5/
இப்போ கொஞ்சம் மருத்துவம். பேப்பர்ல எல்லாத்தையும் "மாரடைப்பு"ன்னு எழுதிடறாங்க. மாரடைப்புன்னா இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிறது. பெரும்பாலும் நடுத்தர வயசுக்கு மேல, சர்க்கரை, பி.பி., புகை பழக்கம் இருக்கிறவங்களுக்கு வரும். பதினஞ்சு வயசுப் பிள்ளை மைதானத்துல சரிஞ்சா கதை பெரும்பாலும் வேற. இதயத்தோட மின்சார ஓட்டம் தாறுமாறா ஆகி, துடிக்க வேண்டிய இதயம் வெறுமனே நடுங்கிக்கிட்டு நிக்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. இதைத் திடீர் இதயநிறுத்தம்னு சொல்லலாம்.

6/
காரணங்கள் என்ன?
- இதயத் தசை தடிச்சுப் போற பிறவி நோய் (500 பேருக்கு ஒருத்தர் அளவுக்கு இருக்கு)
- இதய மின்னோட்டக் கோளாறுகள்: நீண்ட க்யூ.டி., டபிள்யூ.பி.டபிள்யூ. மாதிரி
- இதய ரத்தக்குழாய் பிறவியிலேயே தப்பான இடத்துல இருந்து கிளம்புறது
- வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னாடி இதயத் தசையில வர்ற அழற்சி
- சரியான நொடியில நெஞ்சுல விழுற பலமான அடி. பந்தோ முழங்காலோ பட்டாலே போதும்.
- நம்ம நாட்டுல இன்னொண்ணு: வாத இதயநோய். அதுக்குத் தனியா வர்றேன்.

7/
"இதெல்லாம் எங்கயோ நடக்கிறது"ன்னு நினைக்காதீங்க. 2003 ஜூன் 26, பிரான்ஸ், லியோன். கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ, 28 வயசு, மைதானத்துலயே சரிஞ்சு இறந்தார். இதயத் தசை தடிச்ச நோய்னு பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது. 2004 டிசம்பர் 5, பெங்களூரு. ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டியில டெம்போ அணிக்கு ஆடின கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்ட கையோட விழுந்து இறந்தார். 2022 ஜூலை, நம்ம பண்ருட்டி பக்கம். கபடி ரெய்டு போன கல்லூரி மாணவர் ஒருத்தர் களத்துலயே உயிரை விட்டார். அந்த வீடியோவை நீங்க எல்லாரும் வாட்ஸ்அப்ல பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு ஃபார்வர்டு பண்ணினோம். அப்புறம் மறந்துட்டோம்.

8/
வாட்ஸ்அப்னு சொன்னதும் அடுத்த கமெண்ட் எனக்குத் தெரியும். "எல்லாம் கொரோனா தடுப்பூசியால." ஃபோ இறந்தது 2003, கிறிஸ்டியானோ ஜூனியர் 2004. அப்போ ஏது கொரோனா தடுப்பூசி? 18 முதல் 45 வயசு வரைக்கும் திடீர்னு இறந்தவங்களைப் பற்றி ஐ.சி.எம்.ஆர். பல மருத்துவமனைகளைச் சேர்த்து ஒரு ஆய்வு நடத்துச்சு. தடுப்பூசி ஆபத்தை அதிகமாக்கலன்னு அதுல வந்தது. ஆபத்தோட சேர்ந்து தெரிஞ்சது எது? குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்கிறது, கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில படுத்திருந்தது, இறக்கிறதுக்கு முந்தின ரெண்டு நாள்ல அளவுக்கு மீறிக் குடிச்சது, கடுமையான உடலுழைப்பு. முதல் விஷயத்தைக் கவனிங்க. குடும்பம். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பைசா செலவு கிடையாது. ஆனா சான்று குடுக்கும்போது யாரும் கேட்கறதில்ல.

9/
நம்ம கடற்கரையில அந்தக் கேள்வியை எப்படிக் கேட்கணும்னு சொல்றேன். "குடும்பத்துல யாருக்காவது இதயநோய் இருக்கா?"ன்னு கேட்டா "இல்ல டாக்டர்"னுதான் பதில் வரும். வேற மாதிரி கேட்கணும். "உங்க வீட்டுல சின்ன வயசுல யாராவது திடுதிப்புன்னு போயிட்டாங்களா?" அப்போ வரும் கதை. "சித்தப்பா ஒருத்தர், நல்ல நீச்சக்காரர், கடல்ல இறங்கினவர் வரல." "பெரியம்மா மகன் ராத்திரி நல்லாத்தான் படுத்தான், காலையில எந்திரிக்கல." "உச்சி வேளையில முனி அடிச்சிருச்சு."

10/
நீண்ட க்யூ.டி. கோளாறுல ஒரு வகை இருக்கு. ஓட்டமும் நீச்சலும்தான் அதைத் தூண்டிவிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவர் காரணமே இல்லாம மூழ்கினா, அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கணும்ங்கிறது மருத்துவப் பாடம். இன்னொரு வகையில திடீர்ச் சத்தம் தூண்டும். அலாரம், டெலிஃபோன் மணி, வேட்டு. சங்கு குளிக்கிற, வலை போடுற குடும்பங்கள் இருக்கிற திரேஸ்புரத்துலயும் தருவைகுளத்துலயும் புன்னைக்காயல்லயும் இந்தக் கேள்வியைக் கேட்காம வேற எங்க கேட்கப் போறோம்? சொந்தத்துக்குள்ள கல்யாணம் நம்ம பக்கம் அதிகம். அதனால சில பரம்பரைக் கோளாறுகளுக்கு வாய்ப்பும் கூடுது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை அடிக்கடி மயங்கி விழுந்தா கட்டாயம் இ.சி.ஜி. எடுக்கணும். ரெண்டும் சேர்ந்து வர்ற ஒரு நோய் இருக்கு.

11/
பரம்பரைன்னு சொல்லும்போது இதையும் தெரிஞ்சுக்கங்க. இதயத் தசைப் புரதம் ஒண்ணுக்கான மரபணுவுல ஒரு சின்னத் துண்டு இல்லாத மாற்றம், தெற்காசிய மக்கள்ல நூத்துக்கு 4 பேர் கிட்ட இருக்குன்னு 2009ல நேச்சர் ஜெனடிக்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அதுல பெரிய பங்கு உண்டு. அந்த மாற்றம் இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது. பயப்பட வேண்டாம். ஆனா "இதயத் தசை நோய் வெள்ளைக்காரன் நோய்"னு சொல்ற பேச்சை அதோட விட்டுடலாம்.

12/
இப்போ முதல் எதிர்வாதம். "டாக்டர், இது லட்சத்துல ஒண்ணு. அதுக்கு எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"
நியாயமான கேள்வி. இளம் விளையாட்டு வீரர்கள்ல வருஷத்துக்கு 50,000 முதல் 80,000 பேருக்கு ஒருத்தர்னு வெளிநாட்டுக் கணக்கு சொல்லுது. அரிதுதான். ஆனா அந்த நாடுகள்ல கிட்டத்தட்ட ஒழிஞ்சுபோன ஒரு நோய் நம்ம பள்ளிக்கூடங்கள்ல இன்னும் இருக்கு. அதனால நம்ம கணக்கு அவங்க கணக்கு இல்ல.

13/
அதுதான் வாத இதயநோய். சின்ன வயசுல தொண்டைப்புண் வரும். சரியா வைத்தியம் பார்க்காம விட்டா சில பிள்ளைகளுக்குச் சில வாரம் கழிச்சுக் காய்ச்சல், மூட்டு வலி. மூட்டு சரியாயிடும். இதய வால்வுல விழுந்த அடி நிக்கும். நெரிசலான வீடு, ஒரே அறையில ஆறு பேர்னு வாழ்ற இடங்கள்ல அதிகம். யாருக்கு வரும்னு உங்களுக்கே புரியும். உப்பளத் தொழிலாளி பிள்ளைக்கு, மீனவர் பிள்ளைக்கு, துறைமுகத்துல சுமை தூக்குறவர் பிள்ளைக்கு. ஆரம்பத்துலயே பிடிச்சா மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வால்வு மேலும் கெடாம காப்பாத்தும். அரசு மருத்துவமனையில இலவசம்.

14/
அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்திச் சொல்றேன். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு. 800 மீட்டர். கடைசி 200 மீட்டர்ல மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருக்கா. பதில்: "ஸ்டாமினா பத்தல, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு." வீட்டுல: "ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடு." சான்றுக்கு வந்த வரிசையில நின்னா. ஸ்டெத் வச்சா வால்வு சத்தம் கேட்குது. எக்கோவுல மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கு. அம்மா கேட்டாங்க: "போன வருசமும் இதே சீட்டு வாங்குனாளே, அப்போ யாரும் ஒண்ணும் சொல்லலியே?" அந்தக் கேள்விக்குத்தான் இந்த இழை முழுக்க.

15/
சரி, உண்மையான பரிசோதனைன்னா என்ன? லட்ச ரூபா மெஷின் வேணுமா? வேண்டாம். அமெரிக்க இதயச் சங்கம் பள்ளி வீரர்களுக்குன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. 10 கேள்வி, 4 பரிசோதனை. மொத்தம் 14. பழகிட்டா ஒரு பிள்ளைக்கு அஞ்சாறு நிமிஷம். நம்ம தமிழ்ல சொன்னா முக்கியமான கேள்விகள்:
- ஓடும்போது நெஞ்சு வலிக்குதா, அழுத்துதா?
- ஓடும்போதோ ஓடி முடிச்ச உடனேயோ மயங்கி விழுந்திருக்கியா?
- கூட ஓடுறவங்களை விட உனக்கு மட்டும் மூச்சு அதிகமா வாங்குதா?
- இதயத்துல சத்தம், பி.பி. கூடன்னு எப்பவாவது யாராவது சொன்னாங்களா? விளையாடக் கூடாதுன்னாங்களா?
- குடும்பத்துல 50 வயசுக்குள்ள யாராவது திடீர்னு இறந்தாங்களா? பரம்பரை இதயநோய் உண்டா?

16/
பிறகு நாலு பரிசோதனை. படுக்க வச்சும் நிக்க வச்சும் இதயச் சத்தம் (தசை தடிச்ச நோயில எழுந்து நின்னா சத்தம் கூடும், அதுக்குத்தான் நிக்க வைக்கிறது). தொடை இடுக்குல நாடி. கையில பி.பி. கடைசியா உடலமைப்பு. கை கால் விரல் ரொம்ப நீளமா, ஆளும் ரொம்ப உயரமா இருந்தா மார்ஃபான் நோயான்னு யோசிக்கணும். அந்த நோயில இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சு போகலாம். வேடிக்கையைப் பாருங்க. வாலிபாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் நாம தேடித் தேடி எடுக்கிறதே உயரமான, கை நீளமான பிள்ளையைத்தான். அமெரிக்க வாலிபால் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன் 1986 ஜனவரியில ஜப்பான்ல ஆட்டத்தின் நடுவுல சரிஞ்சு இறந்தது இதனாலதான். வயசு 31.

17/
அடுத்து இ.சி.ஜி. எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கணுமா? உலகம் பூரா டாக்டர்கள் சண்டை போடுற இடம் இது. ரெண்டு பக்கத்தையும் நேர்மையா சொல்றேன்.
இத்தாலியில 1982ல இருந்து போட்டி விளையாட்டுக்கு இ.சி.ஜி.யோட பரிசோதனை சட்டப்படி கட்டாயம். வெனெட்டோ பகுதியில இளம் வீரர்கள் திடீர் மரணம் வருஷத்துக்கு லட்சத்துக்கு 3.6ல இருந்து 0.4 ஆகக் குறைஞ்சதுன்னு 2006ல ஆய்வு வந்தது. கிட்டத்தட்ட 90 சதவீதம்.
இஸ்ரேலும் 1997ல சட்டம் போட்டுச்சு. அங்க பெரிய வித்தியாசம் தெரியலன்னு 2011ல இன்னொரு ஆய்வு வந்துச்சு.

18/
இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களை இ.சி.ஜி., எக்கோ ரெண்டும் எடுத்துப் பார்த்துச்சு. 42 பேருக்கு ஆபத்தான கோளாறு இருக்கிறது தெரிஞ்சது. அதே கூட்டத்துல பின்னாடி 8 பேர் இதயநோயால இறந்தாங்க. அதுல 6 பேருக்குப் பரிசோதனையில எல்லாம் நார்மல்னு வந்திருந்தது. இந்தக் கணக்கை மறைச்சுட்டு "இ.சி.ஜி. எடுத்தா எல்லாரும் பிழைப்பாங்க"ன்னு நான் சொன்னா, நானும் ஒரு வெற்றுக் காகிதத்தைத்தான் நீட்டுறேன். ஆனா அந்த 42 பேரையும் பாருங்க. அவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, பரிசோதனை வீணான்னு.

19/
என் நிலைப்பாடு இது. 14 அம்சப் பரிசோதனை போட்டிக்குப் போற எல்லாப் பிள்ளைக்கும். இ.சி.ஜி. மாவட்ட அளவுக்கும் அதுக்கு மேலயும் போற பிள்ளைகளுக்கு, விளையாட்டு விடுதியில சேர்ற பிள்ளைகளுக்கு, கேள்வியில ஒரு "ஆமா" வந்த எல்லாருக்கும். ஒன்பதாவதுல ஒரு தடவை, பதினொண்ணாவதுல இன்னொரு தடவை. ஏன் ரெண்டு தடவைன்னா, தசை தடிக்கிற நோய் வளரும் வயசுலதான் பெரும்பாலும் முகம் காட்டும். பதிமூணு வயசுல நார்மலா இருந்தது பதினாறுல மாறியிருக்கலாம்.

20/
"முடியுற காரியமா?" வாங்க, கூட்டிப் பார்ப்போம். ஒரு மாவட்டத்துல 3,000 பிள்ளைகளுக்கு இ.சி.ஜி.ன்னு வச்சுக்கங்க. ஒருத்தருக்கு 5 நிமிஷம். மொத்தம் 250 மணி நேரம். தூத்துக்குடி, கோவில்பட்டி, திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், விளாத்திகுளம்னு அஞ்சு இடத்துல பிரிச்சா, இடத்துக்கு 50 மணி நேரம். சனிக்கிழமை மட்டும் 5 மணி நேரம் எடுத்தாலும் 10 சனிக்கிழமை. வீரர்களுக்குன்னு இருக்கிற சர்வதேச அளவுகோல்படி படிச்சா நூத்துக்கு மூணு பேருக்குச் சந்தேகம் வரும். அதாவது 90 எக்கோ. மூணு மாசத்துல 90 எக்கோ ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையால முடியாதுன்னு யாராவது சொன்னா, அவங்களுக்கு மனசு இல்லன்னுதான் அர்த்தம்.

21/
ரெண்டாவது எதிர்வாதம், இதை நான் ரொம்ப மதிக்கிறேன். ஏன்னா இது பெத்தவங்க வாயில இருந்து வருது. "டாக்டர், ஏதாவது கண்டுபிடிச்சு எழுதிட்டீங்கன்னா எம் புள்ள வாழ்க்கை போச்சு." நம்ம மாவட்டத்துல விளையாட்டுங்கிறது பொழுதுபோக்கு இல்ல. கோவில்பட்டி ஹாக்கி, மணத்தி கணேசன் பிறந்த மண்ணோட கபடி, மணப்பாடு பெரியதாழைக் கடற்கரைக் கால்பந்து, எல்லாம் வேலைக்கான வழி. அரசு வேலையில 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வே, போலீஸ், ராணுவம். பல பிள்ளைகள் மயங்கி விழுந்ததை வீட்டுல கூடச் சொல்றதில்ல, டீம்ல இருந்து தூக்கிடுவாங்கன்னு. இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாம பரிசோதனை பற்றிப் பேச எனக்கு உரிமை இல்ல.

22/
பதில்: கண்டுபிடிக்கிறது எல்லாம் தடை இல்ல. டபிள்யூ.பி.டபிள்யூ. கோளாறுல தொடை வழியா ஒரு குழாயை விட்டு அந்தக் கூடுதல் மின்பாதையை எரிச்சுட்டா, பெரும்பாலானவங்க திரும்ப மைதானத்துக்கு வரலாம். இதய ஓட்டையை அடைக்கலாம். வாத இதயநோய்ல ஆரம்ப நிலைன்னா ஊசியோட விளையாட முடியும். பெரிய சிகிச்சைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. சில கோளாறுகள்ல போட்டி விளையாட்டை நிறுத்தத்தான் சொல்லணும். அதை மறைக்க மாட்டேன். ஆனா அந்த முடிவைப் பிள்ளையும் பெத்தவங்களும் கூட உட்கார்ந்து, தெரிஞ்சு எடுக்கணும்.

23/
அன்வர் அலியைப் பாருங்க. 2017 பதினேழு வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடின பஞ்சாப் பையன். 2019ல மும்பை சிட்டி கிளப் மருத்துவப் பரிசோதனையில இதயத் தசை நோய்னு தெரிஞ்சது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஆடாதேன்னுச்சு. டெல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். 2021ல அனுமதி கிடைச்சு, பின்னாடி இந்திய சீனியர் அணிக்கே ஆடினார். அவர் ஆடினது சரியா தப்பான்னு டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு. ஆனா தன் இதயத்துல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும். நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அது தெரியாது. அவ்ளோதான் வித்தியாசம்.

24/
இப்போ இன்னொரு பாதி. நல்லா பரிசோதிச்ச பிள்ளையும் விழலாம்னு இங்கிலாந்துக் கணக்கே சொல்லுது. அப்போ மைதானத்துல யார் இருக்காங்க, என்ன இருக்குங்கிறதுதான் உயிர். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் வருஷா வருஷம் பரிசோதிக்கப்பட்டவர். 2021 ஜூன் 12, ஆட்டத்தின் நடுவுல இதயம் நின்னுச்சு. உடனே நெஞ்சை அழுத்தினாங்க, மைதானத்துலயே ஷாக் குடுத்தாங்க. பிழைச்சார். நெஞ்சுல கருவி வச்சுக்கிட்டு 2024 யூரோவுல கோலே போட்டார்.

25/
2012 மார்ச்சுல ஒரே வாரத்துல நடந்த ரெண்டு சம்பவம். மார்ச் 17, லண்டன். ஃபேப்ரிஸ் முவாம்பா சரிஞ்சார். நெஞ்சு அழுத்தம், ஷாக் கருவி, பார்வையாளர் வரிசையில இருந்து ஓடி வந்த ஒரு இதயநோய் நிபுணர். 78 நிமிஷம் இதயம் தானா துடிக்கல. இன்னைக்கும் உயிரோட இருக்கார். நாலு நாள் கழிச்சு, மார்ச் 21, பெங்களூரு. பெங்களூர் மார்ஸ் அணியின் வெங்கடேஷ், 27 வயசு. ஆம்புலன்ஸ் இல்லாம ஆட்டோவுல கொண்டு போனாங்கன்னு செய்தி வந்தது. இறந்துட்டார். எங்க விழுறோம்ங்கிறதே விதியைத் தீர்மானிச்சிடுச்சு.

26/
கணக்கு எளிது. இதயம் நின்ன பிறகு நெஞ்சை அழுத்தாம விடுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். மணப்பாட்டுல இருந்து திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். 108 எவ்ளோ வேகமா வந்தாலும் அந்த முதல் அஞ்சு நிமிஷம் மைதானத்துல நிக்கிறவங்க கையிலதான். அமெரிக்காவுல ஏ.இ.டி. வச்சிருக்கிற உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. இதயம் நின்ன மாணவ வீரர்கள் 14 பேர்ல 9 பேர் பிழைச்சு வீட்டுக்குப் போனாங்க. ஏ.இ.டி.ன்னா தானியங்கி ஷாக் கருவி. திறந்தா அதுவே என்ன செய்யணும்னு பேசும். தேவை இருந்தாத்தான் ஷாக் குடுக்கும். தப்பா குடுத்துடுவோமோங்கிற பயமே வேண்டாம்.

27/
நம்ம மைதானங்கள்ல என்ன நடக்கும்? பிள்ளை விழுந்த உடனே கை கால் லேசா வெட்டும். "வலிப்பு! சாவியைக் கையில குடு!" ஒருத்தர் முகத்துல தண்ணி அடிப்பார். ஒருத்தர் சோடாவை வாயில ஊத்துவார். வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். "மூச்சு இருக்குப்பா, பயப்படாத." அது மூச்சு இல்ல, சாகப்போற மூளையோட கடைசி இழுப்பு. விளையாடிக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு சரிஞ்சு, தட்டிக் கூப்பிட்டும் பேசலன்னா, மூச்சு சரியா இல்லன்னா, இதயம் நின்னுடுச்சுன்னே எடுத்துக்கங்க. ஒருத்தர் 108 கூப்பிடணும். ஒருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தணும். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

28/
நம்ம முன்னோர் முத்துக் குளிக்க இறங்கினப்போ, மேல படகுல கயிற்றை ஒருத்தர் பிடிச்சிருப்பார். மச்சான் கையிலதான் அந்தக் கயிற்றைக் குடுப்பாங்கன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. தங்கச்சி தாலி கீழ இருக்குன்னு அவன் கண்ணு அசையாது. இறங்குறவன் எவ்ளோ பெரிய கெட்டிக்காரனா இருந்தாலும் கயிறு பிடிக்க ஆள் இல்லாம இறங்கினதில்ல. இன்னைக்குத் தருவை மைதானத்துல ஓடுற பிள்ளைக்குக் கயிறு பிடிக்கிறது யார்? அந்தச் சீல் போட்ட காகிதமா?

29/
அரசு ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். 2023ல "இதயம் காப்போம்" திட்டம் வந்துச்சு. நெஞ்சுவலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றவங்களுக்கு உடனே 14 மாத்திரை. நல்ல திட்டம். ஆனா அது பெரியவங்களோட மாரடைப்புக்கு. பிள்ளைகளுக்கு 2013ல இருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் இருக்கு. நடமாடும் குழு அரசுப் பள்ளிக்கு வந்து பார்க்கும். பிறவி இதயநோயும் வாத இதயநோயும் அந்தப் பட்டியல்லயே இருக்கு. ஆள் இருக்கு, வண்டி இருக்கு, திட்டம் இருக்கு. டீம்ல இருக்கிற பிள்ளைகளுக்குன்னு ஒரு தனிப் பக்கம் சேர்க்கிறதுதான் பாக்கி. தனியார் பள்ளிப் பிள்ளைங்க இந்த வளையத்துக்கு வெளியே நிக்கிறாங்கங்கிறது இன்னொரு பாக்கி.

30/
கோரிக்கைகள், தெளிவா:
1. இப்போ இருக்கிற ஒரு வரி உடல்தகுதிச் சான்றை ஒழிக்கணும். 14 அம்சமும் எழுதி, பெத்தவங்களும் கையெழுத்துப் போட்ட படிவம் வேணும்.
2. பரிசோதனை சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடி, பள்ளியிலயே நடக்கணும். ஓ.பி. வரிசையில வேண்டாம்.
3. மாவட்ட அளவுக்கு மேல போற பிள்ளைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் இ.சி.ஜி.
4. கோளாறு தெரிஞ்ச பிள்ளைக்குச் சிகிச்சை, படிப்பு, மாற்று விளையாட்டு மூணுக்கும் ஒருத்தர் பொறுப்பு.
5. ஒவ்வொரு மாவட்டப் போட்டி மைதானத்துலயும் ஒரு ஏ.இ.டி., சி.பி.ஆர். தெரிஞ்ச ரெண்டு பேர். கருவி விலை லட்ச ரூபாயை ஒட்டித்தான். பரிசுத் தொகைக்குக் கோடிகள் ஒதுக்குற நமக்கு இது பெரிய தொகை இல்ல.
6. எல்லா பி.டி. ஆசிரியர்களுக்கும் சி.பி.ஆர். பயிற்சி. 2023 டிசம்பர்ல குஜராத் தன் பள்ளி ஆசிரியர்களுக்கு மொத்தமாக் குடுத்துச்சு. நம்மால முடியாதா?

31/
பெத்தவங்களுக்கு: பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்தா "வெயிலு, சாப்பிடல"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஒரு இ.சி.ஜி. எடுங்க. காய்ச்சல் விட்ட ரெண்டாம் நாளே மேட்சுக்கு அனுப்பாதீங்க. காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல் இருந்தா டாக்டர் பார்க்காம மைதானத்துல கால் வைக்கக் கூடாது. குடும்பத்துல நடந்த திடீர் மரணத்தை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.
பி.டி. சார்களுக்கு: உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. பிள்ளை விழுந்தா முதல்ல ஓடி வர்றது நீங்கதான். "மூச்சு வாங்குது சார்"னு ஒரு பிள்ளை சொன்னா, இன்னும் ரெண்டு ரவுண்டு வேண்டாம். எங்ககிட்ட அனுப்புங்க.
சக டாக்டர்களுக்கு: பார்க்காத பிள்ளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. நேரம் இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க. நாம எல்லாரும் அப்படி எழுத ஆரம்பிச்சா இந்த ஏற்பாடு ஒரே சீசன்ல மாறும்.

32/
கடைசியா ஒண்ணு. இதைப் படிச்சுட்டுப் பிள்ளையை மைதானத்துல இருந்து கூப்பிட்டு வீட்டுல உட்கார வச்சுடாதீங்க. ஓடாம, ஆடாம, செல்ஃபோனோட உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளால நாளைக்கு எங்க ஓ.பி. நிரம்பப் போறது தனிக் கவலை. பிள்ளைங்க விளையாடட்டும். நல்லா விளையாடட்டும். அனுப்புறதுக்கு முன்னாடி நெஞ்சுல ஒரு தடவை காது வச்சுக் கேட்டுட்டு அனுப்புவோம்னுதான் சொல்றேன்.
உங்க பள்ளிக்கூடத்துல இந்தச் சான்று எப்படிக் குடுக்கிறாங்கன்னு, பள்ளி பேரும் ஆள் பேரும் போடாம, கீழே எழுதுங்க. ஒரு பி.டி. சாருக்காவது இதை அனுப்புங்க.